சைவச் செரி

அன்ரனெற் அன்ரியின் மரக்கறி ரோல்ஸ் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அவ்வளவு பொருத்தமாக இருக்காது. உருளைக்கிழங்கோடு லீக்ஸும் போட்டிருக்கிறார். விசாரணைக் குழு ஒன்று பேஸ்மென்றில் கூடும்போது கையில் சுடச்சுட ஏதாவது இருப்பது நல்லதுதான்.

குழுவில் அன்ரியோடு இருக்கிற பிரவீனன் போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, "அண்ணை, உங்கட பேரையும் கழகத்தில உங்கட பதவியையும் சொல்லுங்கோ" என்கிறார். என் பெயர் ஜெயறூபன் என்பதும், ரொறன்ரோ கிழக்குத் தமிழ் வீட்டுத்தோட்டக் கழகத்தின் உபசெயலாளர் நான் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. உபதலைவர் பதவிக்கும் என் பெயரை ஒருமுறை முன்மொழிந்தார்கள். தலைவர் சச்சிதானந்தன் அண்ணை, "அடுத்தமுறை பாப்பம்" என்றார். அது பல அடுத்தமுறைகளுக்கு முந்திய கதை. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

விசயத்துக்கு வருகிறேன். இந்த விசாரணையில் தீரவேண்டியது ஒன்றுதான். சச்சி அண்ணையின் செரி மரம் நிற்குமா, விழுமா. இம்முறை செரி விழாவில் நடந்தது அவருடைய கவனக்குறைவால் என்றால், தானே ஆள் பிடித்து மரத்தைத் தறிப்பிப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். தலைவர் பதவியையும் விட்டுவிட்டார். தறிக்கிறவர்கள் வருகிற சனிக்கிழமை வருகிறார்கள். மரம் ஒரு பாவமும் செய்யவில்லை. அதனால்தான் நானாகவே வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு வேலை காப்புறுதி நிறுவனத்தில். விபத்து நடந்தவர்கள் வந்து சொல்வதைக் கேட்டு, நம்பலாமா என்று பார்ப்பதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் நான் கண்டது என்னவென்றால், யாரும் பொய் சொல்வதில்லை. நடந்ததைத்தான் சொல்வார்கள். வரிசையை மட்டும் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிவிடுவார்கள்.

சச்சி அண்ணையும் நானும் மோர்ணிங்சைட் பக்கத்தில் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம் இருக்கிறோம். அவருடைய பின்வளவில் ஒரு செரி மரம், என்னுடையதில் ஒன்று. அவருடைய மரத்தை நட்டவர், அந்த வீட்டை அவருக்கு விற்ற இத்தாலியக் கிழவர். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஜூலையும் அந்த மரத்தடியில் நடக்கிற செரி விழாவில் மைக்கைப் பிடித்ததும் அண்ணை, "என் வியர்வையில் வளர்ந்த விருட்சம்" என்பார். தெரிந்தவர்களும் கைதட்டுவார்கள். அவருடைய பெயருக்கு முன்னால் 'செரிச் செம்மல்' என்று ஒரு பட்டம். அதைக் கொடுத்தது கழகம். கழகத்துக்கு அதை எடுத்துக்கொடுத்தது அவர்.

பிறகு பொன்னாடை. பொன்னாடை என்றாலே எனக்குச் சிரிப்புத்தான் வரும். நல்ல ஜூலை வெயிலில், வியர்த்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரை மேசையை மூடுவதுபோல மூடிவிட்டு, சுற்றிநின்று படம் எடுப்பது. அவரும் அதைக் கழற்றாமல் வடை சாப்பிடுவார். ஆண்டுக்கு ஒன்று என்று அவருடைய அலுமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடை என்று கமலாம்பிகை அக்கா சொல்லியிருக்கிறார். கமலாம்பிகை அக்கா அவருடைய மனைவி. சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட மணந்து பார்த்துத்தான் அக்கா தள்ளிவைப்பார். எனக்குத் தடிமன் என்றால் வேலிக்கு மேலால் ரசம் தருகிறவர்.

இப்போது ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

செரி ஈ என்பது வீட்டு ஈயை விடச் சின்னது. சிறகில் கறுப்புப் பட்டி இருக்கும். பனிக்காலம் முழுக்க மரத்தடி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கிவிட்டு, கோடை தொடங்க எழும்பி வரும். வந்தவுடன் முட்டை இடாது. காய் பச்சை மாறி மஞ்சள் தட்டும்வரை பொறுத்திருக்கும். மஞ்சள் தட்டியதும் தோலுக்குக் கீழே முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவு அடையாளம். பழம் சிவந்து, மினுங்கி, படம் எடுக்கிற அழகில் தொங்கும். உள்ளே கொட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைப் புழு வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். எனவே ஈயைத் தடுக்கிறவர் அந்த மஞ்சள் தட்டுகிற கிழமையில் தடுக்கவேண்டும். சிவந்த பிறகு செய்வதெல்லாம், கள்ளன் உள்ளே வந்து படுத்த பிறகு கதவைப் பூட்டி வாசலில் காவலிருப்பதுதான்.

ஜூன் மாதம் ஒருநாள் சச்சி அண்ணை வேலிக்கு வந்தார். நடந்தது எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

"ஜெயறூபன், உந்த வெள்ளைக் களிமண் தூள் ஒண்டு வாங்கிப்போட்டன். நஞ்சில்லையாம். தண்ணியில கரைச்சு மரத்துக்கு அடிச்சால் பூச்சி கிட்டவும் வராதாம். எப்ப அடிக்கிறது எண்டுதான் வீடியோக்காரன் குழப்புறான்."

"பழுக்கத் தொடங்கின உடன அடியுங்கோ அண்ணை."

"பழுக்கத் தொடங்கின உடன. அவ்வளவுதானே? இதைச் சொல்ல அவனுக்கு அரை மணித்தியாலம்."

இவ்வளவுதான் கதை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பூவரசிலை பழுத்துப்போச்சு என்கிறோம். அது சிவப்பதில்லை, மஞ்சளாகிறது. வெற்றிலை பழுத்தாலும் மஞ்சள்தான். மாங்காய், வாழைக்காய், பப்பாசி எல்லாம் பழுக்கத் தொடங்குவது மஞ்சளில்தான். நான் தமிழில் பேசினேன். அவர் செரியில் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பழுப்பது என்றால் சிவப்பது.

பொதுக்கூட்டத்தில் நான் 'பாவனைக்கு உதவாத' என்று சொன்னபோது மைக்கை வாங்கி, 'பாவனை' என்றால் நடிப்பு, 'பயன்பாடு' என்பதே சரி என்று எல்லோருக்கும் முன்னால் என்னைத் திருத்தியவர் அவர். 'சொல்லருவி' என்று இன்னொரு பட்டமும் அவரிடம் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு ஒரு சொல்லை விளக்கப்போவது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. நான் விளக்கவில்லை. எந்தத் திட்டமும் இல்லாமல், அந்த நேரத்தில் வாயில் வந்த சொல். இதைத் தயவுசெய்து அப்படியே பதிவு செய்யுங்கள்.

அந்தக் கிழமை என் மரத்தில் மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று தொங்கவிட்டிருந்தேன். ஈக்கு மஞ்சள் பிடிக்கும். வந்து ஒட்டியிருந்தன. மரம் முழுவதையும் நெருக்கமான வலையால் மூடி, அடிமரத்தோடு இறுக்கிக் கட்டினேன். கமலாம்பிகை அக்கா துணி காயப்போட வந்தவர் வேலியால் பார்த்தார்.

"என்ன தம்பி, மரத்துக்கு நுளம்பு வலை கட்டியிருக்கிறியள்?"

"குருவிக்கு அக்கா."

"எங்கட மரத்துக்கும் கட்டவேணுமோ?"

"அண்ணை களி வாங்கிப்போட்டார்தானே."

குருவியும் அந்த வலைக்குள் வராது. அதுவும் பொய் இல்லை.

அவருடைய காய்கள் பச்சை மாறி மஞ்சளாகின. ஈக்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்வந்தன. நான் பின்வளவில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். பிறகு காய்கள் சிவக்கத் தொடங்கின. அன்று காலையே அண்ணை ஏணி வைத்து ஏறிவிட்டார். மாலையில் மரம் அடியிலிருந்து நுனிவரை வெள்ளையாக நின்றது.

"பாரும் ஜெயறூபன், திருநீறு பூசினமாதிரி நிக்குது."

"அப்ப இது சைவச் செரி அண்ணை" என்றேன் நான்.

ஏணியில் நின்றபடியே அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அடுத்தநாள் கழகத்தின் வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. நஞ்சு தொடாத, உயிர் கொல்லாத, உலகின் முதலாவது சைவச் செரி. பெயர் சூட்டியவர் செரிச் செம்மல் சச்சிதானந்தன். பெயரை யார் சொன்னது என்பதை நான் எங்கேயும் எழுப்பவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை.

விழா நாள் உங்களுக்குத் தெரியும். நீங்களும் இருந்தீர்கள். பிரவீனன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். களியைக் கழுவித் துடைத்த பழங்கள் வெள்ளித் தட்டங்களில் இருந்தன. குத்துவிளக்கு, மைக், கூடாரம், நகரசபை உறுப்பினர் அம்மாவுக்கு முன்வரிசையில் குஷன் கதிரை. நான் அறிவிப்பாளர். எல்லோரும் எடுத்தெடுத்துச் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை, எனக்குப் பல்லுக்கூச்சம் என்று சொன்னேன்.

இந்த அளவில் விசயம் முடிந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. புழு மிகச் சின்னது. இனிப்பாகத்தான் போகும். நீங்களெல்லோரும் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். அதைத்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். நீங்கள் தூங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அண்ணையும் தூங்கிவிடுவாரே என்றுதான்.

பேச்சு தொடங்கச் சற்று முன் அவர்கள் வீட்டுக் குசினிப் பக்கம் போனபோது கமலாம்பிகை அக்கா பெரிய கண்ணாடிக் கோப்பையில் செரியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கட ஆக்கள் பழத்தை வெறுமனே சாப்பிடுவினமே? கொஞ்சம் உப்பும் தூளும் போடுங்கோவன்."

"அதுதானே. மாங்காய்க்குப் போடுறமாதிரி."

"லேசா நசிச்சு, உப்புத் தண்ணியில ஊறவிட்டால் நல்லாச் சுவறும்."

"நல்ல யோசனை தம்பி. மேடைக்கு முன்னால வைப்பம். வெள்ளைக்காரியும் ஒருக்கா எங்கட ருசியைப் பாக்கட்டும்."

உப்புத் தண்ணீர் பட்டால் புழு பழத்துக்குள் இருக்காது. வெளியே வந்து மிதக்கும். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். உடனே வராது. அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை. கொடுத்தது அவர்தான். வரவேற்புரை சொல்லிவிட்டு உட்காருவது அவருடைய இயல்பாக இருந்தால், கோப்பை காலியாகி, புழுக்கள் போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். நான் மைக்கைக் கொடுக்கும்போது காதில் ஒன்று மட்டும் சொன்னேன்.

"அண்ணை, நேரம் கிடக்கு. ஆறுதலாப் பேசுங்கோ."

அவர் ஆறுதலாகப் பேசினார். சங்க காலத்தில் தொடங்கினார். கொல்லாமையைத் தொட்டார். வியர்வைக்கு வந்தார். "ஓர் உயிரைக்கூட வதைக்காமல் விளைந்த கனி இது" என்று அவர் கையை உயர்த்தியபோது, கண்ணாடிக் கோப்பையில் மிளகாய்த் தூளுக்கு நடுவே முதல் உயிர் தலையைத் தூக்கியது. பிறகு மற்றவை. அவர் பேசப் பேச வந்துகொண்டேயிருந்தன. கூட்டத்துக்கு ஆட்கள் பிந்தி வருவதுபோல.

பேச்சு முடிந்தது. கைதட்டல். கமலாம்பிகை அக்கா கோப்பையைப் பார்க்காமல், விருந்தாளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீட்டினார். நகரசபை அம்மா எட்டிப் பார்த்தார். தேர்தலில் நின்று பழகியவர், முகம் மாறவில்லை.

"ஓ. எக்ஸ்ட்ரா புரோட்டீன்" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்னவாம் தம்பி?"

"புரதமாம் அக்கா."

"புரதமோ? பழத்திலயோ?"

அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

பிறகு நடந்தவை விழாவின் அழகான பகுதிகள் அல்ல. வேலியோரம் வரிசையாக நின்று துப்பினீர்கள். கழகத்தின் பொருளாளர் தன் விரலையே தொண்டைக்குள் விட்டார். யாரோ கோயிலுக்குப் போன் போட்டு ஐயரிடம் பரிகாரம் கேட்டார்கள். தெரியாமல் சாப்பிட்டால் தோஷம் இல்லை என்று அவர் சொல்ல, எல்லோருக்கும் ஆறுதல். தெரிந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தவருக்கு என்ன என்று யாரும் ஐயரைக் கேட்கவில்லை.

சச்சி அண்ணை பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார். மைக் கையில்தான் இருந்தது, ஆனால் அதை யாரோ நிறுத்திவிட்டார்கள். "நான் பழுக்கத் தொடங்கின உடனதானே அடிச்சனான்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மைக் இல்லாத அவருடைய குரலை அன்றுதான் கேட்டேன். சின்னக் குரல்.

அக்கா இப்போது பழம் சாப்பிடுவதில்லை. பருப்பைக்கூட ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உலையில் போடுகிறார். போன கிழமை வேலிக்கு வந்தார். ரசம் இல்லாமல், வெறுங்கையோடு.

"உங்கட மரத்தில ஒண்டும் இல்லையே தம்பி. இவர்தான் கவனிக்கேல்லைப் போல. வாய் இருந்த அளவுக்குக் கை இருக்கேல்லை."

"ஓம் அக்கா" என்றேன். வயதில் மூத்தவர் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது.

இவ்வளவும்தான் நடந்தது. ஏன் செய்தேன் என்று கேட்டால், தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தற்பெருமையும் ஒரு பூச்சிதான். உரிய நேரத்தில் பார்க்காவிட்டால் உள்ளே போய்விடும். வெளியே சிவப்பாகத்தான் தெரியும். சமூகத்தில் யாராவது ஒருவர் அதைக் கவனிக்கவேண்டும். கவனித்தேன்.

அன்ரனெற் அன்ரி எதையோ கேட்க வாயெடுக்கிறார். கேளுங்கள் அன்ரி.

"இல்லை ஜெயறூபன், எனக்கு ஒண்டு விளங்கேல்லை. சச்சியின்ர மரத்தில இத்தனை வருசமாப் புழு வந்ததேயில்லை. நாங்கள் ஒவ்வொரு வருசமும் சாப்பிட்டனாங்கள்தானே. அப்ப இந்த வருசம் மட்டும் எங்க இருந்து வந்தது?"

நல்ல கேள்வி. எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அன்ரி முன்னுக்கு வந்திருப்பார்.

போன வருடம் புழு வந்தது என் மரத்தில்தான். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. கழகத்தின் உபசெயலாளர் வீட்டிலேயே இப்படி என்றால் கழகத்துக்குத்தான் அவமானம். கீழே கொட்டின பழங்களையெல்லாம் கூட்டி அள்ளி, வாளிகளில் நிரப்பினேன். குப்பையில் போடுவது வீண். சச்சி அண்ணையிடம் பசளை என்று சொல்லி, அவருடைய மரத்தடியில் நானே கொத்திப் புதைத்துக் கொடுத்தேன். அயலவர் என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும். முதுகு நொந்தது. அவர் சந்தோசப்பட்டு எலுமிச்சம்பழத் தண்ணி கரைத்துத் தந்தார். பனிக்காலம் முழுக்க அவை அங்கேயே தூங்கின. நான் சொன்னேனே, மரத்தடி மண்ணில்தான் தூங்கும்.

ஆம். புழுவைக் கொண்டுபோய் வைத்தது நான். பிந்தி அடிக்கவைத்தது நான். பெயர் வைத்தது, உப்புப் போடச் சொன்னது, நேரம் இருக்கிறது என்று சொன்னது எல்லாம் நான். அண்ணையின் கவனக்குறைவு எதுவும் இல்லை. மரத்தைத் தறிக்கவேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள். அக்காவுக்கும் சொல்லுங்கள். நானே போய்ச் சொல்லலாம்; ஆனால் இனி அவர்கள் வேலிப் பக்கம் வருவார்களோ தெரியாது.

அன்ரனெற் அன்ரி ரோல்ஸ் தட்டை என் பக்கத்திலிருந்து எடுத்து மற்றப் பக்கத்தில் வைக்கிறார். பரவாயில்லை. நான் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டேன்.

முடிக்கும் முன் ஒரு விசயம். நடந்தது நடந்துவிட்டது என்பதற்காகச் செரி விழா நின்றுபோகக்கூடாது. அது தனி ஒருவருடைய சொத்து அல்ல, சமூகத்துடையது. அடுத்த ஜூலையில் என் பின்வளவிலேயே வைக்கலாம். இன்று கிழக்கு ரொறன்ரோவில் புழு இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய செரி மரம் என்னுடையது ஒன்றுதான். கூடாரக்காரரோடு கதைத்துவிட்டேன். பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்வேன் என்றும் வாக்குத் தருகிறேன்.

பொன்னாடைக்காகக் கழகம் கடை கடையாக அலையவேண்டியதில்லை. மெல்லிய துணி, சிவப்புக் கரை, என் தோளுக்கு அளவானது ஒன்று வீட்டில் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். போன வருடச் சித்திரை வருசப்பிறப்பு மலிவு விற்பனையில், மரங்கள் இன்னும் பூக்கக்கூடத் தொடங்காத நேரம், வாங்கி வைத்தது.